இருபதாவது லட்டு

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டேன். விரலிலிருந்து நெய்யும் ஏலக்காயும் போவேனா என்கின்றன. இன்று காலை என் தங்கையின் நிச்சயத்துக்குத் தட்டு அடுக்கினேன். பூ, பழம், சேலை எல்லாவற்றையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். லட்டுத் தட்டை மட்டும் நான் யாரையும் தொடவிடவில்லை. எனக்கு எதையும் நேராக அடுக்க வராது என்பது உனக்குத் தெரியும். சென்டரில் நான் ஃப்ளாப்பிப் பெட்டிகளை அடுக்கிவைத்தால் நீ பின்னாலேயே வந்து திருத்துவாய். இன்றைக்கு என் அடுக்கு நன்றாக வந்தது. கீழே பத்து, அதன் மேல் ஆறு, அதன் மேல் மூன்று, உச்சியில் ஒன்று. பார்த்து ஒரு குறை சொல்ல நீ இல்லை, அதுதான்.

விருந்தாளிகள் கிளம்பிப் போய்விட்டார்கள். கொல்லையில் பிரியாணி அண்டாவைத் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. தங்கை புதுச் சேலையோடேயே தூங்கிப்போனாள். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் பழைய கதையெல்லாம் பேச வேண்டும்போல் இருக்கிறது. விஷயத்துக்கு வர எனக்கு அரை மணி நேரம் ஆகும் என்று எப்போதும் திட்டுவாய். இப்போதும் திட்டிக்கொள்.

உத்தமபாளையத்தில் மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ சுருளிப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருவாய். நான் இரண்டு தெரு தள்ளியிருந்து நடந்து வருவேன். தினமும் தாமதமாக வந்தது நான்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்றார்கள். உன் கோயிலுக்கும் என் பள்ளிவாசலுக்கும் அடுத்தபடியாக ஊரில் செருப்பைக் கழற்றிய இடம் அதுதான். உள்ளே ஆறு கம்ப்யூட்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிப்போர்வை. காலையில் போர்வையை எடுத்து மடிப்பதும் மாலையில் போர்த்திவிடுவதும், தொட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போல இருக்கும்.

நான் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். நீ எக்செல். புத்தகத்தில் கொடுத்திருந்த பயிற்சியெல்லாம் ஏதோ கம்பெனியின் சம்பளப் பட்டியல். "சம்பளமே வாங்காத பிள்ளைகளுக்குச் சம்பளப் பட்டியல் எதுக்குடி?" என்று முதல் நாளே அலுத்துக்கொண்டாய். நமக்கே சம்பளம் ஒழுங்காக வந்ததில்லை என்று நான் சொன்னதும் சிரித்தாய். ஆனால் அந்த அலுப்பு உன்னை விட்டுப் போகவில்லை. பி.எஸ்சி. கணக்குப் படித்தவள், கூட்டலும் கழித்தலும் மட்டும் சொல்லிக்கொடுத்து எப்படிப் பொழுதை ஓட்டுவாய்?

ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பழக்கடைக்கு முன்னால் நின்றுவிட்டாய். கூம்பாக அடுக்கியிருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கம்பம் பஸ் வந்தது, போயிற்று. அடுத்த பஸ்ஸும் வந்தது. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாங்குறதுன்னா வாங்கு தாயி, இல்லாட்டி அங்கிட்டு நில்லு, வர்ற ஆளுக்குக் கடை மறைக்குதுல்ல" என்றார். நீ நகரவில்லை. "அண்ணே, இந்த அடுக்குல மொத்தம் எத்தனை பழம் இருக்கு?" என்று கேட்டாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "வித்து முடிச்சாத் தெரியும்" என்றார்.

அந்தப் பதிலை நீ வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஆனால் அன்றைக்கு உனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்காமலே தெரிய வேண்டும் என்பதுதான் உன் பிடிவாதம்.

மறுநாள் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்தாய். கம்ப்யூட்டர் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளைகளை அடுக்கச் சொன்னாய். உருண்டு உருண்டு ஓடின, நாற்காலிக்கு அடியிலெல்லாம் குனிந்து பொறுக்கினோம். கடைசியில் மூன்று புறமும் புத்தகத்தை அண்டக்கொடுத்ததும் அடுக்கு நின்றது. பிறகு திரையில் மேலிருந்து கீழாக மூன்று பத்திகள் போட்டாய். முதல் பத்தியில் எத்தனையாவது அடுக்கு என்பது. இரண்டாவதில் அந்த அடுக்கில் இருக்கும் பழம்: ஒன்று, மூன்று, ஆறு, பத்து. மூன்றாவதில் உச்சியிலிருந்து அதுவரை மொத்தம்: ஒன்று, நாலு, பத்து, இருபது. ஒரே ஒரு கட்டத்தில் ஃபார்முலா எழுதினாய், மேலே உள்ள மொத்தத்தோடு இந்த அடுக்கைக் கூட்டு என்று. கட்டத்தின் மூலையில் இருக்கும் சின்னக் கறுப்புப் புள்ளியைப் பிடித்துக் கீழே இழுத்தாய். நூறு அடுக்கு வரைக்கும் எண்கள் கடகடவென்று இறங்கின. கடைசி எண்ணைப் பார்த்த திராட்சைத் தோட்டத்துப் பையன் ஒருவன், "டீச்சர், இம்புட்டு எலுமிச்சம்பழம் கம்பம் சந்தையிலயே இருக்காது" என்றான்.

அதோடு விட்டாயா? நாலாவதாக ஒரு பத்தி போட்டாய். அடுக்கின் எண், அதற்கு அடுத்த எண், அதற்கும் அடுத்த எண் மூன்றையும் பெருக்கி ஆறால் வகுத்தால் அதே மொத்தம் வர வேண்டும் என்றாய். இழுத்தாய். இரண்டு பத்தியும் ஒன்றுக்கு ஒன்று அச்சாகப் பொருந்தின. நீ சத்தமே இல்லாமல் கைதட்டினாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பாடம் சர்பத் ஆயிற்று. அடுத்த வாரம் எக்செல் வகுப்பில் உட்கார இடம் இல்லை. சர்பத்துக்காக வந்தார்கள் என்று நான் சொல்வேன், நீ ஒப்புக்கொள்ள மாட்டாய்.

அப்புறம் நிறம் தீட்டத் தொடங்கினாய். மொத்தம் ஒற்றைப்படையாக வந்தால் கட்டம் பச்சையாக மாற வேண்டும், இரட்டைப்படை என்றால் மஞ்சள். இரண்டால் வகுத்து மிச்சத்தைப் பார்த்து அதுவாகவே நிறம் மாற்றிக்கொள்ளும்படி செய்தாய். திரையில் ஒரு பச்சை, மூன்று மஞ்சள், மறுபடி ஒரு பச்சை, மூன்று மஞ்சள் என்று கடைசி வரைக்கும் அதே வரிசை. "யாரு சொல்லி இது இப்படி வருது?" என்று கேட்டுக்கொண்டு சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாய். கரண்ட் போய் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தபோதுதான் எழுந்தாய்.

அந்த வருஷம்தான் மதுரையில் பி.எட். படிக்க உனக்கு இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று நீ செருப்போடேயே உள்ளே ஓடி வந்தாய். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆக வேண்டும், சின்னப் பிள்ளைகளை எலுமிச்சம்பழம் அடுக்கவைக்க வேண்டும், உன் ஆசை அவ்வளவுதான். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கடமலைக்குண்டிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. தேங்காய் வியாபாரம், நல்ல குடும்பம். "கணக்குப் போட்டது போதும் தாயி. தை பிறந்தா கல்யாணம்" என்று உன் அப்பா சொல்லிவிட்டார். கல்யாணம் ஆன பிறகு படிப்பு என்பது அந்த வீட்டில் பேச்சுக்கே இடமில்லாதது. நீ அழுதாய், சாப்பிடாமல் இருந்தாய், நயந்து பேசியும் பார்த்தாய். அவர் அசையவில்லை.

மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் இல்லை, வளர்த்ததெல்லாம் பெரியம்மா. அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எல்லாவற்றையும் எண்ணுவாராம். தட்டு மட்டுமில்லை, தட்டில் இருக்கும் பழம், பலகாரம் எல்லாமே ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். இதற்கு முன் பெண் பார்த்த இடத்தில் எண்ணிக்கை இரட்டைப்படையாகப் போய், பேசிக்கொண்டிருந்தபோதே எழுந்து வந்துவிட்டாராம். இதை யாரோ உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லியிருக்கிறார்கள். உனக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

சென்டரில் அந்த ஷீட்டைத் திறந்து, நாலாவது அடுக்கின் மஞ்சள் கட்டத்தில் விரலை வைத்தாய். "தட்டு அடுக்குற வேலைய நானே செய்யிறேன்னு அம்மாட்ட சொல்லிட்டேன். லட்டு நாலு அடுக்கு. மொத்தம் இருபது. அவுக எண்ணட்டும், எந்திரிச்சுப் போகட்டும்."

"வேண்டாம்டி. நிச்சயம் நின்னுபோச்சுன்னா ஒன் மேலதான பழி வரும். ராசியில்லாத பொண்ணுன்னு பேராயிரும்" என்றேன்.

"ஆயிட்டுப் போகட்டும். கணக்கு டீச்சருக்கு ராசி எதுக்கு?" என்றாய். குரல் தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் ஷீட்டை மூடும்போது இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினாய்.

நிச்சயத்தன்று காலையிலேயே நான் சுருளிப்பட்டிக்கு வந்துவிட்டேன். நீ பாவாடை தாவணியோடு உட்கார்ந்து லட்டு அடுக்கிக்கொண்டிருந்தாய். முகத்தில் ஒரு சலனம் இல்லை. உன் அம்மா வந்து எட்டிப் பார்த்து, "ஒத்தப்படையா வச்சியா?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேம்மா" என்றாய். கம்ப்யூட்டர் என்றதும் அவருக்கு நிம்மதி. போட்டுப் பார்த்தது உண்மைதானே. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடமலைக்குண்டிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். ஜமுக்காளத்தில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், நடுவில் தட்டுகள். பெரியம்மா நேராக வந்து தட்டுகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வாழைப்பழத்தை எண்ணினார், வெற்றிலையை எண்ணினார். லட்டுத் தட்டுக்கு வந்ததும் கொஞ்சம் நின்று, தட்டை மெதுவாகச் சுற்றித் திருப்பி, மூன்று பக்கமும் பார்த்து விரலை மடக்கினார். நாம் இருவரும் உள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றோம். நீ பட்டுச் சேலையில் இருந்தாய். என் கையை இறுக்கியதில் உன் வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

"பத்தொம்பது" என்றார் பெரியம்மா. "ஒத்தப்படை. நல்லா இருக்கு."

உன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்ன நடந்தது என்று உனக்கு உடனே புரிந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை. கீழ் அடுக்கில் இருக்கிற பத்தில் ஒன்பது ஓரத்தில் நிற்கின்றன, ஒன்று நட்டநடுவில். அதன் மேல் மூன்று லட்டு மூடி உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது கண்ணில் படாது. நூறு அடுக்குக்குக் கணக்குப் போட்ட உன் ஷீட்டில் எத்தனை இருக்கிறது என்பதற்குப் பத்தி இருந்தது. எத்தனை தெரிகிறது என்பதற்கு ஒன்று இல்லை. விற்று முடித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வெளியே எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. உன் அப்பா தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். எல்லாம் முடிந்தது என்று நான் உன் தோளைத் தொடக் கை நீட்டினேன். தோள் அங்கே இல்லை. நீ கதவைத் தாண்டிப் போயிருந்தாய்.

"இல்ல அத்தை, இருபது" என்றாய். "நடுவுல ஒண்ணு இருக்கு."

ஒரு பெண் தன் நிச்சயத்தில் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். உன் அப்பா தட்டை அப்படியே பிடித்தபடி நின்றார். பெரியம்மா மட்டும் பதறாமல் உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கன இருக்கு?"

"அடியில. மேல இருக்கிறது மறைச்சிருது. கீழ பத்து, அதுக்கு மேல ஆறு, அப்புறம் மூணு, உச்சியில ஒண்ணு."

அவர் விரல் மடக்கிப் பார்த்தார். "இருபதுதான்" என்று சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டார். இரட்டைப்படை என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எழுந்திருக்கப் போகிறவர் போல.

அப்போதுதான் அவர் கையை நீட்டினார். அதுவரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை. உச்சியிலிருந்த லட்டை எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மென்று முழுங்கிவிட்டு, "இப்பப் பத்தொம்பது பெரியம்மா" என்றார்.

"என்னடா பண்ற?"

"பசிச்சது. காலையில ஒண்ணும் சாப்பிடல."

வேன் டிரைவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ள என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டார். பி.எஸ்சி. கணக்கு, அதோடு நிறுத்தியாயிற்று என்று உன் அப்பா சொன்னார். "எதுக்கு நிறுத்துனீக?" என்றார். உன் அப்பா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். மதுரையில் பி.எட். இடம் கிடைத்திருப்பதை நீயே சொன்னாய்.

"படிக்கட்டும். கல்யாணத்த அப்புறம் வச்சுக்குவோம்" என்றார் பெரியம்மா. "எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது. எங்க வீட்டுல ஒழுங்கா எண்ணுறதுக்கு ஒரு ஆளு வேணும்."

ஏன் சொன்னாய் என்று அன்று சாயங்காலமே உன்னைப் பிடித்தேன். நிச்சயத்தை நிறுத்தவா, இல்லை உண்மையைச் சொல்லவா? "தப்பா எண்ணுனா எனக்குப் பொறுக்காதுடி" என்றாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிறுத்தணும்னும் இருந்துச்சு" என்றாய். எதில் எவ்வளவு என்று உன்னாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுவாரம் மாப்பிள்ளை சென்டருக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா? செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். "அந்த ஒண்ணு எங்கன இருந்துச்சுன்னு காட்டுறீகளா?" என்று கேட்டார். நான் நாகரிகமாக வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. நீ ஷீட்டைத் திறந்து புதிதாக இரண்டு பத்திகள் சேர்த்தாய், தெரிவது, மறைவது என்று. நாலு அடுக்கில் ஒன்று மறைகிறது. ஐந்து அடுக்கில் நாலு, ஆறில் பத்து, ஏழில் இருபது. இழுத்துக்கொண்டே வந்த நீ பாதியில் கையை எடுத்துவிட்டாய். ஒன்று, நாலு, பத்து, இருபது. முதலில் எலுமிச்சம்பழத்துக்கு வந்த அதே எண்கள். "குவியலுக்குள்ள இன்னொரு குவியல் இருக்கு" என்றாய், ரகசியம் போல. அவர் திரையைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார். அதன் பிறகுதான் நான் வெளியே போனேன்.

நீ படித்தாய், கல்யாணம் செய்துகொண்டாய். கடமலைக்குண்டிலிருந்து வந்த முதல் தீபாவளி போனில் எடுத்த எடுப்பிலேயே, "ஏ புள்ள, ஒனக்கு ஒரு சேதி தெரியுமா? இவரு இனிப்பே தொட மாட்டாராம்" என்றாய். சின்ன வயதிலிருந்தே அப்படியாம், காப்பிக்குக்கூடச் சீனி வேண்டாமாம். பெரியம்மா சொன்னாராம். நீ போய் அவரிடம் கேட்டிருக்கிறாய், அப்ப அன்னைக்கு லட்டு எதுக்குச் சாப்பிட்டீக என்று. அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், பசிச்சது என்றிருக்கிறார். இதைச் சொல்லும்போது நீ சிரித்தாயா அழுதாயா என்று எனக்குத் தெரியவில்லை, லைன் கரகரத்தது. எப்போது கேட்டாலும் அவர் அந்த ஒரே பதிலைத்தான் சொல்வார் என்று பின்னாலும் பல தடவை சொல்லியிருக்கிறாய். அதில் உனக்கு எவ்வளவு பெருமை.

டீச்சரும் ஆனாய். உன் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், பிள்ளைகளை வைத்துத் தீப்பெட்டி, சாக்பீஸ் டப்பா, டம்ளர் என்று கிடைத்ததையெல்லாம் அடுக்கவிட்டாய். டம்ளர் அடுக்குக்கு வேறு மாதிரி வருது, முதல் டம்ளருக்கு முழு உயரம், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் விளிம்பு மட்டும்தான் கூடுது என்று போனில் விளக்குவாய். நான் அடுப்பில் எதையாவது தீயவிட்டுக்கொண்டே உம் கொட்டுவேன். எனக்கும் கல்யாணமாகி, சென்டரை மூடி, அந்த மாடியில் செல்போன் கடை வந்துவிட்டிருந்தது. உன் ஷீட் மட்டும் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. பச்சை, மஞ்சள், மஞ்சள், மஞ்சள்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்த நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ரத்தத்தில் வந்த நோய் என்றார்கள். முடியெல்லாம் கொட்டி, முகம் சிறுத்து, கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுப் பழம் மேசையில் கிடந்தது. மருந்து ஏறிக்கொண்டிருந்த கையை அசைக்க முடியாமல், "அடுக்கு" என்று எனக்கு வேலை வைத்தாய். நாலு பழம்தான் இருந்தது. மூன்றைக் கீழே வைத்து ஒன்றை மேலே வைத்தேன். நீ வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இதுல உள்ள ஒண்ணும் இல்ல புள்ள. எல்லாம் வெளியவே தெரியுது" என்றாய்.

பழத்தை உரித்து உனக்கு ஒரு சுளை கொடுத்தேன். உன்னால் முழுங்க முடியவில்லை. மீதியை நான் சாப்பிட்டேன். நீ சாப்பிடச் சொன்னாய், சாப்பிட்டேன். அதன் பிறகு எனக்கு ஆரஞ்சுப் பழம் பிடிப்பதில்லை.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன். தங்கையின் நிச்சயத்துக்கு உன் வீட்டுக்காரரை அம்மாதான் போன் போட்டு அழைத்தார். தனியாக வந்தார், பெரியம்மாவுக்கு இப்போது நடக்க முடிவதில்லையாம். வந்ததும் அம்மா அவரை உட்காரவைத்து இட்லியும் கறிக்குழம்பும் வைத்து, போதும் போதும் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பரிமாறினார். மனுஷர் எழுந்திருக்க முடியாமல் எழுந்தார். ஆள் இளைத்திருக்கிறார். நீ பார்த்தால் சண்டை போடுவாய்.

எங்கள் பக்கமும் தட்டு ஒற்றைப்படைதான், உனக்குத் தெரியும். கம்பத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருத்தர் சும்மா இருக்காமல் தட்டுகளை எண்ணி முடித்துவிட்டு, லட்டுக்கு வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமி தட்டைத் திருப்பினார். விரலை மடக்கினார்.

"பத்தொம்பது. மாஷா அல்லாஹ்" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். எதுவும் கெட்டுப்போயிருக்காது. எந்த நிச்சயத்தையும் நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் நீ போன நாளிலிருந்து என்னைச் சுற்றி எல்லாரும் உன்னை விட்டுவிட்டே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பழைய சென்டர் பிள்ளைகள் ஒன்றாகக் கூடினார்கள், எத்தனை பேர் என்று எண்ணினார்கள், உன்னை எண்ணவில்லை. தங்கையின் நிச்சயத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று அம்மா எண்ணியபோதும் அப்படித்தான். யாரையும் குறை சொல்ல முடியாது, கண்ணுக்குத் தெரிவதைத்தான் எண்ணுவார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இருபது மாமி. நடுவுல ஒண்ணு இருக்கு" என்றேன்.

அம்மா என்னை எரிப்பது போலப் பார்த்தார். மாமி குனிந்து தட்டைப் பார்த்தார். "வெளிய தெரியலயே?"

"தெரியாது மாமி. ஆனா இருக்கு. நான்தான் வச்சேன்."

ஒரு லட்டுக்கு ஏன் இவள் அழுகிறாள் என்று மாமிக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். என்ன காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குப் பயம் வந்தது.

ஆண்கள் பக்கமிருந்து உன் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உச்சியிலிருந்த லட்டை எடுத்தார், முழுசாக வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல ரொம்ப நேரம் ஆனது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முழுங்கிய பிறகு மாமியைப் பார்த்து, "இப்பச் சரியாப் போச்சு, பத்தொம்பது" என்றார். யாரோ சிரித்தார்கள், மாமியும் சிரித்துவிட்டார், தட்டு கை மாறியது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

அவர் தாழ்வாரத்துக்குப் போய் நின்றார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவசரமாகக் குடித்ததில் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. "என்னண்ணே, நீங்க இனிப்புச் சாப்பிட மாட்டீகள்ல" என்றேன்.

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, "பசிச்சதும்மா" என்றார்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல உட்கார்ந்தேன். கை இன்னும் மணக்கிறது. மறுபடி கழுவப் போவதில்லை.